ஒரே பாய்லர், தனித்தனிப் பகுதிகள், சுடுநீர்: வெப்பக் கட்டுப்பாட்டை மேம்படுத்துவோர் கேட்கும் கேள்விகள்

பாய்லர் தண்ணீரைச் சுடவைக்கிறது. பம்ப் அதை, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குத் தள்ளுகிறது. அதே தண்ணீர் சுடுநீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாகவும் ஓடி, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தேவையான நீரைச் சூடாக்குகிறது. இப்படி அமைந்த வீடுகளுக்கான பக்கம் இது. குழாயைத் திறந்தவுடன் தொட்டியே இல்லாமல் நீரைச் சுடவைத்துத் தரும் பாய்லர் உங்களிடம் இருந்தால், சுடுநீர் பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போகலாம். மற்றவை உங்களுக்கும் பொருந்தும்.

பழைய டைமரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினால் போதாதா?

தெர்மோஸ்டாட் என்பது அறையின் சூட்டைப் பார்த்து வெப்பத்தைக் கேட்கும், நிறுத்தும் கருவி. அந்தப் பெட்டியை மாற்றுவதால் வீடு தனித்தனியாகச் சூடாக்கக்கூடிய பகுதிகளாகப் பிரிந்துவிடாது. பாய்லரிலிருந்து ஒரே குழாய் கிளம்பி எல்லா ரேடியேட்டர்களுக்கும் போகிறது என்றால், சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த கருவியை மாட்டினாலும் அது ஒரே பகுதிதான். வெளியூரிலிருந்து கைபேசியில் அணைக்கலாம், அவ்வளவே. அதனால் கடைக்குப் போகும் முன் தொட்டி இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். எத்தனை மோட்டார் வால்வுகள் இருக்கின்றன, எந்தக் குழாய் மாடிக்கு ஏறுகிறது, எது கீழ்த்தளத்துக்குப் போகிறது என்று ஒரு தாளில் கிறுக்கலாகவாவது வரைந்துகொள்ளுங்கள். எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

இன்னொன்று. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்களில் பல ஒரே இணைப்பு கொண்டவை. அவை அறை வெப்பத்தை மட்டும் பார்க்கும், சுடுநீரைக் கட்டுப்படுத்தாது. தொட்டி உள்ள வீட்டில் அதை மாட்டினால், பழைய டைமர் பார்த்துக்கொண்டிருந்த சுடுநீர் வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போகும்.

பகுதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

தனக்கென ஒரு தெர்மோஸ்டாட், தனக்கென ஒரு நேரக்கணக்கு, தனக்கென ஒரு வால்வு. மூன்றும் இருந்தால்தான் அது பகுதி.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் அந்தப் பகுதியின் வால்வுக்கு மின்சாரம் அனுப்புகிறது. வால்வின் தலையில் இருக்கும் சிறு மோட்டார், ஸ்பிரிங்கை எதிர்த்துச் சுழன்று வழியைத் திறக்கிறது. முழுதாகத் திறந்த பிறகுதான் உள்ளே இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச் மூடிக்கொள்கிறது. பாய்லருக்கும் பம்புக்கும் ‘கிளம்பு’ என்று உத்தரவு கொடுப்பது அந்தச் சுவிட்ச்தான். அறை சூடானதும் மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் வால்வை மூடும், பாய்லர் அணையும்.

ஒரு வாயில் நீர் நுழைந்து மறு வாயில் வெளியேறும் இருவாய் வால்வுகள் பலவற்றில் ஐந்து கம்பிகள் இருக்கும். பழுப்பு மோட்டாருக்கு. நீலம் நியூட்ரல். பச்சை-மஞ்சள் எர்த். சாம்பல் நிறக் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆரஞ்சு, வால்வு திறந்த பிறகு பாய்லருக்குச் செய்தி கொண்டு போகும் கம்பி. மூன்று பகுதிகள் இருந்தால் மூன்று ஆரஞ்சுக் கம்பிகளும் ஒரே முனையில் சேரும். மூன்றில் யாராவது ஒருவர் வெப்பம் கேட்டால் பாய்லர் எரியும். யாருமே கேட்காவிட்டால் அணைந்திருக்கும். இந்தக் கடைசி வரிதான் முழு ஏற்பாட்டின் உயிர். கேட்பார் இல்லாத நேரத்தில் எரியும் பாய்லர், எரிபொருளைத் தின்று தன்னையே சூடாக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது மூவாய் வால்வு ஒன்று மட்டும். அதோடு இன்னொரு பகுதியைச் சேர்க்க முடியுமா?

அதை எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். மூவாய் வால்வு ஒரே உடலில் மூன்று நிலைகளில் நிற்கும்: ரேடியேட்டர் மட்டும், தொட்டி மட்டும், இரண்டுக்கும் நடுவே. நடுநிலையில் நிறுத்துவதற்காக அதன் உள் இணைப்பு சற்றுச் சிக்கலாகவே இருக்கும். பழுதானால் கண்டுபிடிப்பதும் கடினம். மூன்றாவது பகுதியை அதோடு ஒட்டவைக்க முயன்ற வயரிங் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்து வருபவருக்கு அவை புதிர். எப்படியும் தண்ணீரை வடிக்கத்தான் போகிறீர்கள். அதே வேளையில் மூவாய் வால்வைக் கழற்றி, பகுதிக்கு ஒன்றாக இருவாய் வால்வுகளைப் போட்டுவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே தர்க்கத்தில் நிற்கும்.

எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது நல்லது?

அறைக்கு ஒரு பகுதி என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஆனால் வீட்டின் உட்சுவர்களுக்குள் பொதுவாக வெப்பக்காப்பு இருக்காது. கதவுகள் திறந்தே கிடக்கும். கூடம் 20 டிகிரியிலும் பக்கத்துப் படுக்கையறை 16 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்று நீங்கள் கட்டளை போடலாம். சுவர் அதைக் கேட்காது. கூடத்தின் சூடு சுவர் வழியே படுக்கையறைக்குள் கசிந்துகொண்டே இருக்கும், கூடத்து ரேடியேட்டர் அதற்கும் சேர்த்து உழைக்கும்.

பிரிப்பது பலன் தருவது, பயன்படுத்தும் நேரம் வேறுபடும் இடங்களில்தான். பகலில் கீழ்த்தளம், இரவில் மாடி. வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும் விருந்தினர் அறைப் பக்கம். வீட்டோடு ஒட்டிக் கட்டிய வேலை அறை. பெரும்பாலான வீடுகளுக்குக் கீழ்த்தளம் ஒன்று, மாடி ஒன்று, சுடுநீர் ஒன்று என மூன்று போதும். சூடான காற்று படிக்கட்டு வழியே மேலே ஏறிவிடுவதால், மாடி வால்வு நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே திறக்கும். அதைப் பார்த்து ஏதோ பழுது என்று பதற வேண்டாம்.

பாய்லர் பக்கத்திலிருந்தும் ஒரு வரம்பு உண்டு. ஒரு பாய்லர் எவ்வளவு தணிந்தாலும் 6 கிலோவாட்டுக்குக் கீழே போகாது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிரித்த சிறு பகுதியில் இருப்பதோ 1 கிலோவாட் ரேடியேட்டர் ஒன்று. அந்தப் பகுதி மட்டும் கேட்கும்போது பாய்லர் எரியும், சில நிமிடங்களில் தண்ணீர் பாய்லரில் வைத்த சூட்டைத் தாண்டிவிடும், தானே அணையும், மீண்டும் எரியும். நாள் முழுக்க இந்த ஓயாத எரிந்தணைதல் நடந்தால் எரிபொருளும் வீண், பாய்லரின் ஆயுளும் குறையும். பகுதிகளைக் குறைவாகவும் ஓரளவு பெரிதாகவும் வையுங்கள்.

ஒரு டிகிரி குறைப்பதால் எவ்வளவு மிச்சம்?

கணக்கை நீங்களே போடலாம். வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 20, வெளியே 7 என்றால் வித்தியாசம் 13. உள்ளே 19 ஆக்கினால் 12. பதின்மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8 சதவீதம் மிச்சம். இது முழு வீட்டையும் குறைத்தால். பாதி வீட்டை மட்டும் குறைத்தால் மிச்சம் பாதியைவிடக் குறைவு, காரணம் மேலே சொன்ன உட்சுவர்க் கசிவு.

தரையைப் பெயர்க்காமல் பகுதிகளாகப் பிரிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒவ்வொரு ரேடியேட்டர் வால்விலும் பேட்டரியில் ஓடும் மின்னணுத் தலையைத் திருகி மாட்டலாம். அது அறையின் வெப்பத்தைப் பார்த்து வால்வைத் திறந்து மூடும், நேரக்கணக்கையும் ஏற்கும். குழாய் வேலையே இல்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தத் தலை பாய்லரோடு பேசுமா? ரேடியேட்டரில் ஏற்கனவே இருக்கும் சாதாரண எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு தன் அறைக்கு வரும் நீரைத் தடுக்கும், விடும். பாய்லரை எழுப்ப அதற்குத் தெரியாது, தூங்க வைக்கவும் தெரியாது. மின்னணுத் தலையும் அப்படியே இருந்தால், கூடத்துத் தெர்மோஸ்டாட் ‘போதும்’ என்றதும் பாய்லர் அணைந்துவிடும். குளிரும் படுக்கையறையின் தலை வாயைத் திறந்துகொண்டு வராத சூட்டுக்குக் காத்திருக்கும். கேட்கும் தலைகளின் கோரிக்கை ஒரு ரிசீவர் வழியாகப் பாய்லருக்குப் போய்ச் சேர வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எங்கே மாட்டுவது?

தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில், உட்சுவரில், நீங்கள் உண்மையில் உட்கார்ந்திருக்கும் அறையில். வெயில் படும் இடம், ரேடியேட்டருக்கு மேலே, திரைச்சீலைக்குப் பின்னால், தொலைக்காட்சிக்கு அருகில் எல்லாம் வேண்டாம்.

முதலில் எங்கள் வீட்டில் வாசல் நடையில் இருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று நேராக அதன் மேல் அடிக்கும். நடை சூடாகும் வரை பாய்லர் எரியும், அதற்குள் கூடத்தில் வியர்த்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்கப் பாய்லரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கருவியைக் கூடத்துக்கு மாற்றிய வாரமே பிரச்சினை தீர்ந்தது.

தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் எண் போட்ட வால்வு இருந்தால், அதை முழுதாகத் திறந்தே வையுங்கள். இல்லையெனில் ரேடியேட்டர் வால்வு முதலில் மூடிக்கொள்ளும், தெர்மோஸ்டாட் கேட்ட சூடு வராது, பாய்லர் நிற்காமல் ஓடும். ஒரே அறைக்கு இரண்டு எசமானர் கூடாது.

சுடுநீரை ஏன் தனிப் பகுதியாக நடத்த வேண்டும்?

அதன் தேவையே வேறு என்பதால். அறைக்கு 20 டிகிரி போதும், பல மணி நேரம் வேண்டும். தொட்டிக்கு 60 டிகிரி வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ முறை போதும். கோடையில் ரேடியேட்டர் தேவையே இல்லை, குளியல் தேவை. இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்த பழைய வீடுகளில், குளிப்பதற்காக வீட்டையே சூடாக்குவார்கள்.

60 டிகிரி என்பது வசதிக்காகச் சொல்லும் எண் அல்ல. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். நீர்த்துளிகளோடு மூச்சில் போனால் கடும் நிமோனியா வரும். 1976இல் பிலடெல்பியாவில் கூடிய ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்தவர்களில் பலர் இறந்த பிறகுதான் அந்த நோய்க்கும் பாக்டீரியாவுக்கும் அந்தச் சங்கத்தின் பெயரை ஒட்டிய பெயர் வந்தது. 60 டிகிரியில் அது பிழைக்காது. மிச்சம் பிடிப்பதற்காகத் தொட்டியை 45க்கு இறக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எத்தனை முறை சுடவைக்கிறோம் என்பதில் மிச்சம் பிடியுங்கள்.

மறுபக்கம், 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில், குளியலறைக் குழாய்க்கு முன் குளிர்ந்த நீரைக் கலந்து தரும் தெர்மோஸ்டாட் கலப்பு வால்வைப் போடுங்கள். தொட்டி சூடாகவே இருக்கும், கையில் விழும் நீர் அளவான சூட்டில் வரும்.

செலவையும் பார்ப்போம். 150 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60க்கு உயர்த்த ஏறக்குறைய 8.7 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். சுருள் குழாய் 15 கிலோவாட் வாங்கிக்கொண்டால் முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஆகவே நான்கு மணி நேரம் சுடுநீரை இயக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. குளியலுக்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒரு முறை போதும்.

தொட்டியின் தெர்மோஸ்டாட் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், உலோகத்தோடு நன்றாக ஒட்டி இருக்க வேண்டும். காப்புப் பஞ்சின் மேல் கட்டியிருந்தால் அது பார்ப்பது பஞ்சின் சூட்டைத்தான்.

தொட்டியில் மின்சாரச் சூடேற்றியும் இருக்கிறது. அதையும் இணைக்கலாமா?

வேண்டாம். பாய்லர் பழுதானால் உதவும் மாற்றாகத் தனிச் சுவிட்சில் இருக்கட்டும். 3 கிலோவாட் சூடேற்றி அதே தொட்டியைச் சுடவைக்க மூன்று மணி நேரம் எடுக்கும். மறந்துபோய் இரண்டையும் ஓடவிடுவதுதான் பல வீடுகளில் மின்கட்டணம் ஏறக் காரணம்.

எங்கள் தொட்டி நேரடி நீர்வரத்து அழுத்தத்தில் இயங்குகிறது. கவனிக்க வேண்டியது என்ன?

மேல்மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் இல்லாமல், குழாய் அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய தொட்டி அது. அதில் சாதாரண தெர்மோஸ்டாட்டோடு, சூடு அளவு மீறினால் வெட்டும் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அது வெட்டிய பின் கையால் அழுத்தினால்தான் மீண்டும் சேரும். இந்த இரண்டும் சுடுநீர் வால்வோடு வரிசையாக இணைந்திருக்க வேண்டும். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டும்போது ‘இது எதற்கு’ என்று அந்த வெட்டியைச் சுற்றி நேர்க்கம்பி போட்டுவிட்டால், மூடிய பாத்திரத்தில் நீர் கொதிப்பதைத் தடுக்கும் காவல்களில் ஒன்று போய்விடும். இதற்குத் தகுதி பெற்றவரைத் தவிர யாரையும் அந்தத் தொட்டியின் மூடியைத் திறக்க விடாதீர்கள்.

ரேடியேட்டருக்குக் குறைந்த சூடும் தொட்டிக்கு அதிகச் சூடும் ஒரே பாய்லரிலிருந்து கிடைக்குமா?

இந்தப் பக்கத்திலேயே அதிகப் பலன் தரும் கேள்வி இதுதான். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும் கன்டென்சிங் பாய்லர்கள், வீட்டைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். குறையக் குறைய இன்னும் நல்லது. ரேடியேட்டருக்கு 50 டிகிரி நீரே பல நாட்களுக்குப் போதும். தொட்டியை 60க்கு ஏற்றவோ 65, 70 டிகிரி நீர் வேண்டும். மேலே சொன்ன ஆரஞ்சுக் கம்பி ஏற்பாட்டில் யார் கேட்டாலும் பாய்லருக்கு ஒரே குரல்தான் கேட்கும். அதனால் தொட்டிக்காக 70இல் வைத்து, நாள் முழுக்க ரேடியேட்டருக்கும் 70ஐ அனுப்பிக்கொண்டிருப்போம்.

இதற்குத் தீர்வு, சுடுநீர்க் கோரிக்கையைத் தனி முனையில் வாங்கும் பாய்லர். தொட்டி கேட்டால் முதலில் அதை மட்டும் 70இல் சுடவைக்கும், ரேடியேட்டர் வால்வுகள் அந்த முக்கால் மணி நேரம் மூடியிருக்கும். அதற்குள் வீடு குளிர்ந்துவிடாது. முடிந்ததும் 50க்கு இறங்கிவிடும். வெளியே உள்ள குளிரைப் பார்த்து ரேடியேட்டர் நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் உணரியையும் சில பாய்லர்களில் சேர்க்கலாம். உங்கள் பாய்லரின் கையேட்டில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நான்காவது பகுதிக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

தரைக்கடியில் வெப்பக் குழாய் போட்ட அறையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தனிப் பகுதியாக. அதற்கு 35 முதல் 45 டிகிரி நீர் போதும் என்பதால் தனிக் கலப்பு வால்வும் பம்பும் வேண்டும். கான்கிரீட் பூச்சு மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்ற நேரக்கணக்கு அங்கே செல்லாது.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரையா?

இல்லை, ஏறக்குறைய எதிர்மாறு. ஹீட் பம்ப் என்பது எரிபொருளை எரிக்காமல் வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை எடுத்து வீட்டுக்குத் தரும் கருவி. ஹீட் பம்ப்புக்கு நிறைய நீர் தடையின்றி ஓட வேண்டும். பகுதிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டால் அது தடுமாறும். வால்வுகளைத் திறந்தே வைத்து, நீரின் சூட்டைக் குறைத்து, நீண்ட நேரம் ஓடவிடுவதே அதற்குப் பிடிக்கும். சுடுநீரை மட்டும் தனியாக நேரம் போட்டு நடத்துங்கள். அன்றாடம் 50 டிகிரியில் ஓட்டினால், வாரத்துக்கு ஒரு முறை 60க்கு ஏற்றும் ஏற்பாடு இயங்குகிறதா என்று பாருங்கள்.

எல்லா வால்வுகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால்?

பல பாய்லர்கள் அணைந்த பிறகும் தேங்கிய சூட்டை வெளியேற்றச் சில நிமிடம் பம்பை ஓட்டும். அந்த நீருக்கு ஒரு வழி வேண்டும். அழுத்தம் ஏறினால் தானே திறக்கும் பைபாஸ் வால்வு அதற்குத்தான். மேம்படுத்தும்போது இதை மறப்பவர்கள் அதிகம். குழாயில் சீழ்க்கைச் சத்தம் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இந்த வேலையை நானே செய்யலாமா?

படம் வரைவது, பழைய இணைப்புகளைப் புகைப்படம் எடுப்பது, கம்பிகளுக்குப் பெயர் ஒட்டுவது, நேரக்கணக்கு அமைப்பது: இவை நீங்கள் செய்ய வேண்டியவையே. பாய்லரின் உட்புறத்தை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

வயரிங் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. டைமரை அணைத்தாலும் வால்வின் சாம்பல் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவிட்சிலிருந்து மின்சாரம் வர வேண்டும், அது அணைந்தால் எல்லாமே அணைய வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், முன்பு வந்தவர் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். பாய்லரின் தெர்மோஸ்டாட் முனைகள் குறைந்த மின்னழுத்தத்தவையாக இருந்தால், ஆரஞ்சுக் கம்பியில் வரும் 230 வோல்ட் அதன் சர்க்யூட் போர்டை ஒரே நொடியில் எரித்துவிடும். நடுவே ஒரு ரிலே வேண்டும், அதாவது ஒரு சுற்றின் மின்சாரத்தால் தனியான இன்னொரு சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்.

தண்ணீரை வடித்தீர்கள் என்றால், மீண்டும் நிரப்பும்போது துருத் தடுப்பு மருந்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

யாரும் கேட்காமலேயே பாய்லர் எரிகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் வால்வுத் தலைக்குள் இருக்கும் அந்தக் குட்டி சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வு மூடியும் ஆரஞ்சுக் கம்பியில் மின்சாரம் நிற்காது. கோடையில் சுடுநீர் மட்டும் போட்டும் ரேடியேட்டர் சுட்டால், ரேடியேட்டர் பக்கத்து வால்வு சரியாக மூடவில்லை. வால்வின் பக்கத்தில் கைப்பிடி இருந்தால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிந்தால் வால்வு மூடியிருக்கிறது, தொளதொளவென்று ஆடினால் மோட்டார் அதைத் திறந்து வைத்திருக்கிறது. பல தயாரிப்புகளில் தலையை மட்டும் மாற்றலாம், தண்ணீரை வடிக்கத் தேவையில்லை.

வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

வேலை செய்தவர் கிளம்பும் முன், அவரையும் நிற்க வைத்துக்கொண்டு செய்யுங்கள். எல்லாத் தெர்மோஸ்டாட்களையும் கடைசிவரை இறக்குங்கள், சுடுநீரையும் அணையுங்கள். கீழ்த்தளத்தை மட்டும் ஏற்றுங்கள். வால்வு திறக்கும் ஓசை, பிறகு பாய்லர் எரியும் ஓசை, அந்த வரிசையில் கேட்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துக் கீழே சுட வேண்டும், மாடி ரேடியேட்டர்களும் தொட்டிக்குப் போகும் குழாயும் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதை இறக்கிவிட்டு மாடிக்கு இதையே செய்யுங்கள், பிறகு சுடுநீருக்கு. இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஏற்றி, ஒன்றை மட்டும் இறக்கிப் பாருங்கள், பாய்லர் தொடர்ந்து எரிய வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் இறக்குங்கள். பம்ப் சில நிமிடம் ஓடி ஓயலாம். பாய்லரின் தீ மட்டும் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால், பணத்தைக் கொடுக்காமல் வயரிங் பெட்டியை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.